பாஸுக்குத் தெரிந்தது கடைக்குத் தெரியுமா?

ஹட்டன் பக்கம் ஒரு பேக்கரியில் பாஸ், அதாவது பாண் சுடும் தலைமைத் தொழிலாளி, மாறினால் அதை யாரும் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாளில் பாணே காட்டிக்கொடுத்துவிடும். மேல் ஓடு கறுத்திருக்கும், உள்ளே பிசுபிசுவென்று இருக்கும், ஒரு பக்கம் அமுங்கிப்போயிருக்கும். அதே மா, அதே போறணை, அதே விறகு. முதலாளியும் அதே ஆள்தான். போனவர் ஒருவர் மட்டும். ஆனால் பதினைந்து, இருபது வருடமாக அந்தக் கடை சேர்த்து வைத்த அறிவில் பெரும்பகுதி அவரோடு பஸ் ஏறிவிட்டது.

கொட்டகலையிலிருந்து மஸ்கெலியா வரை சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவது என் தொழில். பேக்கரி, தையல் கடை, மரக்கறி மொத்த வியாபாரம், மோட்டார் சைக்கிள் கராஜ், தேயிலையைப் பொட்டலம் போட்டு விற்கிறவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. வரவு செலவுக் கொப்பியைப் பார்த்தே ஒரு கடையில் எப்போது யார் போனார், யார் வந்தார் என்று ஓரளவு சொல்லிவிடலாம். நல்ல தையல்காரர் கட்டாருக்குப் போன மாதம் துணி விரயம் கூடும். கராஜில் பழைய ஆள் விலகினால் அதே பைக் மறுபடி மறுபடி வரும், உதிரிப்பாகச் செலவு ஏறும். அடுப்பு, மெஷின், கடை வாடகை எல்லாம் கொப்பியில் இருக்கும். கைக்குள் இருக்கும் அறிவுக்கு மட்டும் ஒரு வரியும் இருக்காது. மலையகத்துச் சின்னத் தொழில்கள் போட்டியில் தடுமாறுவதற்குக் கடன் கிடைக்காதது, பாதை மோசம், வாடகை அதிகம் என்று காரணம் சொல்கிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் கடை தானாக எதையும் கற்று வைத்துக்கொள்ளாததும் அதே அளவு பெரிய காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன்.

முகாமைத்துவப் பாடங்களில் இதை நிறுவனக் கற்றல் என்பார்கள். பெயர் பெரிய கம்பெனிக்குரியது போலக் கேட்கும். ஆனால் இலங்கையின் 2013/14 பொருளாதாரக் கணக்கெடுப்பில் விவசாயம் தவிர்த்து வந்த 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழில் நிலையங்களில் 90 சதவீதத்துக்கு மேல் மிகச் சிறியவை. இந்த விஷயம் யாருக்காவது தேவை என்றால் முதலில் அவர்களுக்குத்தான். பெரிய கம்பெனியில் ஒருவர் போனால் பக்கத்து மேசையில் இன்னொருவர் இருப்பார். நம் கடைகளில் பக்கத்து மேசை கிடையாது.

ஒரு பேக்கரியில் நான் பார்த்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மா பொங்குவதற்கு அது கிட்டத்தட்ட 26, 27 பாகை சூட்டில் இருக்க வேண்டும். கொழும்பில் அது தானாகவே அமைந்துவிடும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தையில் விடியற்காலை இரண்டு மணிக்கு மா பிசைகிறவருக்கு அந்தச் சூடு சும்மா கிடைக்காது. அந்தக் கடையின் பாஸ் தண்ணீரை அடுப்பில் வைத்து, கைவிட்டுப் பார்த்துத்தான் ஊற்றுவார். மாத்தொட்டியைப் போறணைச் சுவருக்குக் கிட்டே தள்ளுவார், மேலே மா சாக்கைப் போட்டு மூடுவார். பங்குனியில் வெயில் ஏறியதும் தொட்டி கதவுப் பக்கம் நகரும், ஈஸ்ட் குறையும். பொங்கியது போதுமா என்று விரலால் ஓர் அழுத்து. குழி மெதுவாக எழும்பினால் போறணைக்குள் போகும். படக்கென்று எழும்பினால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். எழும்பவே இல்லையென்றால் நேரம் பிந்திவிட்டது. மா மூட்டையின் பிராண்ட் மாறினால் அது குடிக்கும் தண்ணீரும் மாறும். அதைப் பிசையும்போது கையில் வரும் பாரத்தை வைத்தே கண்டுபிடிப்பார்.

இதில் ஒன்றுகூட எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. கூட நின்ற பையன்கள் தண்ணீர் தூக்கினார்கள், தட்டு கழுவினார்கள். ஏன் தொட்டி நகர்கிறது என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. “எழுதுறதுக்கு என்ன இருக்கு தம்பி, எல்லாம் கைப்பழக்கம்” என்றார் முதலாளி அண்ணன். அவர் சொன்னதில் பாதி சரி. கைப்பழக்கத்தை முழுக்க எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் அதைப் பக்கத்தில் நின்று வாங்கிக்கொள்ளலாம், வாங்கியதில் எழுதக்கூடியதை எழுதலாம்.

ஜப்பானில் 1985ல் மட்சுஷிட்டா கம்பெனி வீட்டிலேயே பாண் சுடும் மெஷின் ஒன்றைச் செய்ய முயன்றது. மேல் ஓடு கருகும், உள்ளே வேகாது. எக்ஸ்-றே எடுத்துக்கூடப் பார்த்தார்கள், பிடிபடவில்லை. இக்குக்கோ தனாக்கா என்ற மென்பொருள் வல்லுநர், ஒசாக்கா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமைப் பேக்கரிடம் போய் மா பிசையக் கற்றுக்கொண்டார். அந்தப் பேக்கர் மாவை ஒரு விதமாக முறுக்கி இழுப்பதைத் தனாக்கா ஒருநாள் கவனித்தார். எஞ்சினியர்களோடு சேர்ந்து ஒரு வருடம் மாற்றி மாற்றிச் செய்து பார்த்து, அந்த முறுக்கு மெஷினுக்குள்ளும் வரும்படி உள்ளே விசேஷமான விளிம்புகளை வைத்தார்கள். மெஷின் நன்றாக விற்றது. இக்குஜிரோ நொனாக்கா என்ற பேராசிரியர் இதை 1991ல் எழுதிய பிறகு, முகாமைத்துவம் படிக்கிறவர்கள் எல்லோருக்கும் இது பழக்கமான கதை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, படித்த ஒரு பெண் ஒரு பேக்கரின் அருகில் மாணவியாக நின்றது. பேக்கருக்குத் தெரிந்ததை அறிவு என்று மதித்ததால்தான் அந்த முறுக்கு கண்ணில் பட்டது.

நம் பக்கம் அந்த மதிப்புக் குறைவு. அதற்குத் தோட்டத்து வரலாறு ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தோட்டத்தில் இல்லாத பதிவா? காலையில் பிரட்டுக்களத்தில் பெயர் எடுப்பார்கள். எந்த மலையில் எத்தனை பேர், யார் எத்தனை கிலோ கொழுந்து, யாருக்கு முழுப் பேர் (முழுநாள் சம்பளம்), யாருக்கு அரைப் பேர் என்று எல்லாம் அன்றன்றைக்கு எழுதப்படும். ஆனால் எழுதியதெல்லாம் மேலே போகும். கங்காணியிடமிருந்து கணக்கப்பிள்ளைக்கு, அங்கிருந்து ஆபீசுக்கு, துரைக்கு, கொழும்புக்கு. மேலிருந்து திரும்பி வருவது கட்டளை மட்டும். எந்த மலையில் கொழுந்து ஏன் குறைகிறது என்று முப்பது வருடம் அதே மலையில் பறித்த அக்காவிடம் யாரும் கேட்டதில்லை. அந்த லயங்களிலிருந்து டவுனுக்கு வந்து, தன் உழைப்பில் கடை போட்டவர்கள் பலர். அவர்கள் பார்த்து வளர்ந்த ஒரே நிர்வாகம் அதுதான். அதனால் கடையிலும் முதலாளி சொல்வார், பையன் செய்வான். பையனுக்குத் தெரிந்தது பையனோடு இருக்கும்.

அதே தேயிலைத் தொழில் தன் மேல்மட்டத்தில் கற்றலுக்கு நல்ல உதாரணமாகவும் இருக்கிறது. 1869ல் மடுல்சீமைப் பக்கம் கோப்பி இலையில் துரு நோய் கண்டார்கள். ஆரம்பத்தில் பலர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. ஹாரி மார்ஷல் வார்டு என்ற விஞ்ஞானி 1880ல் வந்து பூஞ்சணத்தை ஆராய்ந்து காரணத்தைச் சொல்வதற்குள் காலம் கடந்துவிட்டது. இருபது வருடத்தில் கோப்பி போயே போய்விட்டது. மலைநாடு தப்பித்ததற்கு ஒரு காரணம், ஜேம்ஸ் டெய்லர் 1867லேயே லூல்கந்துரத் தோட்டத்தில் தேயிலையை நட்டுப் பழகியிருந்தார் என்பது. அப்புறம் 1925ல் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தை உண்டாக்கினார்கள். ஏற்றுமதியாகும் தேயிலையில் வரியாக ஒரு சின்னத் தொகை எடுத்து அதை நடத்தினார்கள். தலவாக்கலை சென்ட் கூம்ஸில் இருக்கும் அந்த நிலையம் தந்த டீஆர்ஐ 2025 என்ற தேயிலைக் கன்று வகை இன்றைக்கும் மேட்டு நிலத்தில் பலரின் முதல் தெரிவு. தனித் தோட்டம் ஒவ்வொன்றும் தனியாக நோயையும் பூச்சியையும் படித்துக்கொண்டிருக்க முடியாது என்பது துரைமாருக்கு அன்றைக்கே புரிந்திருந்தது. டவுனில் இருக்கும் பேக்கரிக்கும் தையல் கடைக்கும் அப்படி ஒன்று இதுவரை இல்லை.

2022 இதையெல்லாம் சோதித்துப் பார்த்த வருடம். மார்ச் மாதம் ரூபா சரிந்தது. டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் இல்லை. டீசல் இல்லை, கேஸ் இல்லை. கோதுமை இங்கே விளைவதில்லை, முழுக்க இறக்குமதி. அதனால் மா விலை டொலரோடு சேர்ந்து ஏறியது. இதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் தடை செய்து மரக்கறிக்காரர்களை முறித்திருந்தார்கள். நவம்பரில் தடையை எடுத்தபோது பலருக்கு ஒரு போகம் போய்விட்டிருந்தது.

அந்த மாதங்களில் கொப்பிகளைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கும். நன்றாக விற்கிற கடைகள்தான் வேகமாக மூடின. காரணம் சுலபமானது. உதாரணத்துக்கு, ஒரு மூட்டை மாவை 10,000 ரூபாவுக்கு வாங்கி, சுட்டு விற்று, மற்றச் செலவெல்லாம் போக 13,000 கையில் நின்றால் முதலாளிக்கு 3,000 இலாபம் என்று தோன்றும். ஆனால் அடுத்த மூட்டை 15,000. அவர் விற்க விற்க அவருடைய மூட்டைகள் குறைகின்றன. விலை வருடத்துக்கு ஒருமுறை மெதுவாக ஏறிய காலத்தில் வாங்கிய விலைக்கு மேல் இவ்வளவு என்று வைத்தால் போதும். அந்த வழக்கம் 2022ல் கடையைத் தின்றது. அடுத்த மூட்டை என்ன விலைக்கு வரும் என்று பார்த்து விலை வைக்க வேண்டும் என்று சிலர் இரண்டு மூன்று வாரத்தில் கண்டுகொண்டார்கள். அவர்கள் நிறையப் படித்தவர்கள் என்று சொல்ல முடியாது. வாராவாரம் எழுதினார்கள், எழுதியதைக் கடையில் இருந்தவர்களோடு உட்கார்ந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். மற்றவர்கள் வருடக் கடைசியில் என்னிடம் கொப்பியைக் கொண்டுவந்தபோது சொல்வதற்கு என்னிடமும் எதுவும் இருக்கவில்லை.

கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்ற அமெரிக்க அறிஞர் இதை இரண்டு வகையாகப் பிரித்தார். நடந்த பிழையைத் திருத்துவது ஒன்று. அந்தப் பிழைக்கு வழிவிடும் நம் வழக்கத்தையே எடுத்துக் கேள்வி கேட்பது இன்னொன்று. முதலாவது எல்லோரும் செய்வதுதான். பாண் திரும்பி வந்தால் நாளைக்கு இருபது குறைத்துச் சுடுவோம். இரண்டாவதற்கு அந்தப் பேக்கரியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

அங்கே ஒரு கொப்பி ஆரம்பித்தோம். தேதி, மா பிராண்ட், தண்ணீர் எத்தனை லீற்றர், ஈஸ்ட் எத்தனை கிராம், சுவரில் மாட்டிய வெப்பமானி என்ன காட்டியது, மா பொங்க எவ்வளவு நேரம், எத்தனை பாண் திரும்பி வந்தது. கடைசிக் கட்டம் ‘ஏன்’. பாஸ் கேகாலைப் பக்கத்துச் சிங்களவர். அவர் சொல்லச் சொல்லப் பையன் தமிழ் எழுத்தில் எழுதினான், பாதிச் சொல் சிங்களமாகவே இருந்தது, அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஆனால் ‘ஏன்’ கட்டம் பல வாரம் காலியாகவே இருந்தது. எழுதினாலும் ‘குளிர்’ என்று மட்டும் இருக்கும், வெயில் அடித்த நாளிலும் குளிர்தான். பயம். ‘நான் நேரம் பிந்தி எழும்பினேன்’ என்று எழுதினால் ஏச்சு விழும், சம்பளத்தில் வெட்டும் விழலாம். அண்ணன் கடைசியில் ஒரு முடிவு எடுத்தார். அந்தக் கட்டத்தில் எழுதிய எதற்கும் யார் சம்பளத்திலும் ஒரு சதம் குறைக்கமாட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னார், சொன்னபடி நடந்தார். அதற்குப் பிறகுதான் கொப்பி உண்மை பேசத் தொடங்கியது.

முதலில் எழுதியது பாஸ் அல்ல, தோட்டங்களுக்குப் பாண் கொண்டுபோகும் ஆட்டோக்காரத் தம்பி. வெயில் மாதங்களில் கொழுந்து இல்லை, வேலை நாள் குறைவு, அதனால் மேல் கணக்கு (தோட்டத்தின் மேல் பிரிவு) லயங்களில் பணிஸ் ஓடாது, வெறும் பாண்தான் ஓடும் என்று எழுதினான். பத்தாம் தேதி சம்பளம் போட்டதும் சீனிச் சம்பல் பணிஸும் கேக்கும் காலையிலேயே தீர்ந்துவிடும், மாதக் கடைசியில் அதையே திருப்பிக் கொண்டுவருகிறோம் என்றான். எல்லா நாளும் ஒரே அளவில் ஒரே சாமான் சுடுவது அந்தக் கடையின் பழைய வழக்கம். அது ஏன் என்று யாரும் கேட்டிருக்கவில்லை. “இவ்வளவு நாளா இதை ஏன்டா சொல்லல?” என்று அண்ணன் கேட்டார். “நீங்க கேக்கலியே முதலாளி” என்றான் தம்பி. இப்போது அங்கே தோட்டத்துச் சம்பளத் தேதியையும் கொழுந்துக் காலத்தையும் பார்த்துத்தான் மா நனைக்கிறார்கள். திரும்பி வரும் பாண் கண்கூடாகக் குறைந்துவிட்டது.

பயிற்சி வகுப்பு வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுரேஷ் டி மெல், டேவிட் மக்கென்சி, கிறிஸ்டோபர் வுட்ரஃப் ஆகியோர் கொழும்பிலும் கண்டியிலும் சிறு தொழில் செய்யும் பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவர்களுக்கு வகுப்பு மட்டும் கொடுத்தபோது இலாபம் கூடவில்லை. வகுப்போடு பணமும் கொடுத்தபோது முதலில் கூடியது, இரண்டாம் வருடத்தில் அது கரைந்துவிட்டது. நைரோபியின் டன்டோராவில் நடந்த இன்னோர் ஆய்வில் வகுப்பில் உட்காரவைத்த பெண்களுக்குப் பெரிதாகப் பலன் இல்லை. அதே இடத்தில் நன்றாகத் தொழில் செய்கிற மூத்த ஒருவரோடு சேர்த்துவிட்டவர்களுக்கு இலாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. எந்த மொத்தக் கடையில் சாமான் மலிவு என்பது போன்ற உள்ளூர் விஷயம்தான் அவர்களுக்குள் அதிகம் கைமாறியது. இருவரும் சந்திப்பது நின்றபோது பலனும் தேய்ந்தது. மும்பைப் பக்கத்து நெசவாலைகளில் ஆலோசகர்கள் மாதக்கணக்கில் கூடவே இருந்து, பழுதையும் கையிருப்பையும் அன்றாடம் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் வருடமே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. வருடங்கள் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்தப் பழக்கங்களில் ஏறக்குறைய பாதி கைவிடப்பட்டிருந்தது. மனேஜர் மாறிப்போனது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

அந்த ஆலைகள் பெரியவை. ஆனாலும் அங்கே மனேஜர் மாறியபோது நடந்ததும் ஹட்டனில் பாஸ் மாறும்போது நடப்பதும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

முதலாளிமார் என்னிடம் வழக்கமாகச் சொல்வது, “எல்லாத்தையும் பழக்கிவிட்டா நாளைக்கு எதிரிலேயே கடை போடுவான்.” அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. அப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒருவருக்கும் பழக்காமல் வைத்திருந்த கடைகளிலும் பாஸ் போகத்தான் செய்தார், சவூதிக்கோ கொழும்புக்கோ. அப்போது கடையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. வேலை மூன்று பேருக்குத் தெரிந்திருந்தால் ஒருவர் போகும்போது மற்ற இருவர் தாங்கிப்பிடிப்பார்கள்.

பாஸுக்கும் பயம் உண்டு, அதை நாம் பேசுவதே இல்லை. எல்லாம் கொப்பியில் ஏறிவிட்டால் இனி நான் எதற்கு என்று அவர் நினைப்பது இயற்கை. அவர் கையில் இருப்பது அந்த அறிவு மட்டும்தான், அதைச் சும்மா கேட்பது நியாயமில்லை. அந்தப் பேக்கரியில் பையன்களைப் பழக்குவதற்கென்று பாஸுக்கு மாதாமாதம் தனியாக ஒரு தொகை கொடுக்கிறார்கள். ஒரு பையன் தனியாக ஒரு போறணை இறக்கினால் பாஸுக்கு இன்னும் கொஞ்சம். கணக்கெழுதுகிறவனாகச் சொல்கிறேன், அந்தக் கொப்பியில் இதைவிடப் பயனுள்ள செலவு வேறு இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பாஸ்மாருக்கும் கையில் இருக்கும் அனுபவத்தைச் சோதித்து என்விகியூ என்ற தேசியத் தொழில் தகைமைச் சான்றிதழ் கொடுக்கும் வழி இலங்கையில் இருக்கிறது. அதற்கு அவர்களைக் கூட்டிக்கொண்டு போவதும் முதலாளி செய்யக்கூடியதுதான். சான்றிதழ் எடுத்தால் வெளிநாட்டுக்குப் போய்விடுவாரே என்று தடுப்பது தவறு, அது அவருடைய உழைப்பு.

இனிச் செய்ய வேண்டியது கடைகளுக்கு வெளியே இருக்கிறது. ஒவ்வொரு டவுனிலும் வர்த்தகர் சங்கம் இருக்கிறது. திருவிழாவுக்கும் வரிப் பிரச்சினைக்கும் கூடுகிறோம். சந்தாவில் ஒரு சின்னப் பங்கை ஒதுக்கி, மாதம் ஒரு தடவை ஒரே தொழில் செய்கிறவர்கள் உட்கார்ந்து தங்கள் கொப்பியைப் பார்த்துப் பேசலாம். பேச்சு தமிழில் நடக்க வேண்டும், சிங்களம் பேசும் பாஸ்மாருக்கு ஒருவர் அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும். வேலை செய்கிறவர்களும் வர வேண்டும். முதல் கூட்டத்துக்கு நான் பேக்கரிக்காரர்களிடம் ஒரே ஒரு கணக்கைக் கொண்டுவரச் சொல்வேன். 50 கிலோ மூட்டை ஒன்றிலிருந்து உங்கள் கடையில் எத்தனை இறாத்தல் பாண் வருகிறது? பெரும்பாலானவர்கள் சரியாக எண்ணியதில்லை. எண்ணிப் பார்த்தால் கடைக்குக் கடை வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசம் தண்ணீரிலா, நிறுவையிலா, போறணையிலா என்று அங்கேயே பேசலாம். யாருடைய விலை இரகசியமும் அதில் வெளிவராது.